குடிநீரில் வந்த நஞ்சு: சத்து மாத்திரை காக்குமா?



ஒரு வியாதியைப் பற்றிக் கேள்விப்பட்டவுடன், "அதற்கு என்ன மருந்து? நாங்கள் வாங்கி அனுப்பலாமா?" என்று கேட்பது இரக்கமுள்ளவர்களின் இயல்பு. "ஆன்டி-ஆக்ஸிடன்ட்" என்ற சொல்லைப் பத்திரிகைகளிலும் மருந்துக் கடைகளிலும் நீங்கள் அடிக்கடி கண்டிருப்பீர்கள். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, செலினியம் போன்ற சத்துகளுக்கு இந்தப் பொதுப்பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். நச்சு உலோகங்கள் நம் உயிரணுக்களுக்குச் செய்யும் தீங்கை இவை தடுக்கும் என்று சொல்லப்படுகிறது. இது உண்மைதானா? உண்மையானால், நஞ்சு கலந்த நீரைக் குடிக்கும் ஏழை மக்களுக்கு மாத்திரை டப்பாக்களை அனுப்பிவிட்டால் போதாதா?

இந்தக் கேள்விக்கு இந்த மடலில் விளக்கமாகப் பதில் சொல்ல விரும்புகிறோம். அதற்கு மேற்கு வங்காளத்தையும் வங்காளதேசத்தையும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். ஆர்சனிக் என்னும் நஞ்சு அங்கே கோடிக்கணக்கான மக்களின் குடிநீரில் கலந்திருக்கிறது. நம் முன்னோர் பாஷாணம் என்று சொன்னது இதன் கலவைகளைத்தான். வேதியியல் நூல்கள் ஆர்சனிக்கை உலோகப்போலி என்று வகைப்படுத்தினாலும், மருத்துவர்கள் இதை ஈயம், பாதரசம், காட்மியம் ஆகிய நச்சு உலோகங்களோடு சேர்த்தே எண்ணுகிறார்கள். பிறருக்குக் கொடுத்து உதவும் பழக்கமுள்ள நம் எல்லோருக்கும் இந்தச் சரித்திரத்தில் ஒரு பாடம் இருக்கிறது.

நல்லெண்ணத்தில் இறக்கிய அடிபம்புகள்

1970-களுக்கு முன்பு வங்காளதேசத்துக் கிராம மக்களில் பெரும்பாலோர் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்துவந்தார்கள். அந்த நீரில் காலராக் கிருமிகளும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் மற்றக் கிருமிகளும் இருந்தன. ஆண்டுதோறும் ஏராளமான குழந்தைகள் இறந்தார்கள். இதைத் தடுக்க, ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யூனிசெஃப் அரசாங்கத்தோடு சேர்ந்து, நிலத்தடி நீரை எடுக்கும் அடிபம்புகளை ஊர் ஊராக அமைக்கத் தொடங்கியது. வெளிநாட்டு உதவிகளும் வந்து சேர்ந்தன. அதன் பயனைக் கண்ட மக்கள் தங்கள் சொந்தச் செலவிலும் பம்புகளை இறக்கிக்கொண்டார்கள். காலப்போக்கில் அந்த நாட்டில் ஏறக்குறைய ஒரு கோடி அடிபம்புகள் பெருகிவிட்டன. கண்ணாடிபோலத் தெளிந்த நீர் வீட்டு முற்றத்திலேயே கிடைத்தது. அதில் கிருமிகள் மிகக் குறைவு. எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

ஆனால் அந்த நீரில் ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. அந்த நாட்களில் கிணற்று நீரை ஆர்சனிக்குக்காகச் சோதிக்கும் வழக்கம் இல்லை. இந்த நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்கவைத்தாலும் போகாது; நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

இந்த நஞ்சு எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வந்ததல்ல. இமயமலையிலிருந்து ஆறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாக அடித்துக்கொண்டுவந்த வண்டல் மண்ணில், இரும்புத் துகள்களோடு ஒட்டிக்கொண்டு ஆர்சனிக் படிந்திருந்தது. காற்றுப் புகாத ஆழத்தில், மக்கிய தாவரப் பொருள்களைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரைத்துவிடுகின்றன. அப்போது அதோடு ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் நீரில் கலக்கிறது. பெரும்பாலும் 150 மீட்டருக்குக் குறைவான ஆழத்தில்தான் இந்தக் கேடு. அதற்குக் கீழே கிடைக்கும் நீர் பொதுவாக நல்ல நீர். மேலும், ஒரு வீட்டுப் பம்பு நஞ்சைத் தரும்போது, சில மீட்டர் தூரத்தில் உள்ள அடுத்த வீட்டுப் பம்பு நல்ல நீரைத் தரவும் கூடும்.

1983-ஆம் ஆண்டில் கொல்கத்தாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் டாக்டர் கே. சி. சாஹா, மேற்கு வங்காளக் கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் தோலைப் பார்த்து, இது ஆர்சனிக் நஞ்சு என்று கண்டறிந்தார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1993-இல், எல்லைக்கு அப்பால் வங்காளதேசத்தின் சாப்பாய் நவாப்கஞ்ச் மாவட்டத்துக் கிணறுகளிலும் இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வுத்துறை வங்காளதேச அரசுடன் சேர்ந்து 3,534 கிணறுகளைச் சோதித்து, 2001-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வங்காளதேச அரசு வைத்திருக்கும் வரம்பு 50 மைக்ரோகிராம். ஏறக்குறைய 3.5 கோடி மக்கள் 50-க்கு மேற்பட்ட நீரையும், 5.7 கோடி மக்கள் 10-க்கு மேற்பட்ட நீரையும் குடிப்பதாக அந்த அறிக்கை மதிப்பிட்டது. ஒரு மக்கள் சமுதாயம் நஞ்சுக்கு ஆளான சம்பவங்களில் சரித்திரத்திலேயே இதுதான் மிகப் பெரியது என்று 2000-ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அறிஞர்கள் எழுதியிருந்தார்கள்.

கையிலும் காலிலும் தெரியும் அடையாளங்கள்

இந்த நீரைக் குடித்தவுடன் ஒருவர் விழுந்துவிடுவதில்லை. பெரும்பாலும் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் கழித்தே தோலில் அடையாளங்கள் தோன்றுகின்றன. மார்பிலும் முதுகிலும் மழைத்துளி விழுந்த புழுதித் தரைபோல வெளுப்பும் கறுப்புமாகப் புள்ளிகள் வரும். உள்ளங்கைகளும் உள்ளங்கால்களும் தடித்து, அரிசி அளவில் சிறு சிறு முடிச்சுகள் எழும்பும். பிறகு அவை வெடித்து வலிக்கும். நாற்று நடவும் வலை இழுக்கவும் கூலி வேலை செய்யவும் வேண்டிய கைகள் இவை.

உள்ளே நடப்பது இன்னும் கொடியது. தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாகலாம். இருதயமும் இரத்தக் குழாய்களும் பாதிக்கப்படுகின்றன. டாக்காவுக்கு அருகிலுள்ள அராய்ஹஜார் என்ற பகுதியில் 2000-ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய 12,000 பேரை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்துவந்தார்கள். அவர்களிடையே நிகழ்ந்த மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு, 10 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட ஆர்சனிக் காரணம் என்று 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

இதனோடு சமுதாயத் துன்பமும் சேர்ந்துகொள்கிறது. தோலில் உள்ள புள்ளிகளைக் கண்டு இது தொழுநோய் என்று அக்கம்பக்கத்தார் பயந்து ஒதுக்கியதுண்டு. பிள்ளைகளைப் பள்ளியில் மற்றவர்கள் தள்ளிவைத்தார்கள். பெண்களுக்குத் திருமணம் தடைப்பட்டது. திருமணமான சிலர் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இது தொழுநோயும் அல்ல, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயும் அல்ல. தொழுநோயாளிகள் எப்படி ஒதுக்கப்பட்டார்கள் என்பதை அறிந்த நம் வாசகர்களுக்கு இதன் வேதனையை விளக்க வேண்டியதில்லை.

உயிரணுவுக்குள் நடப்பது என்ன?

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. உயிரணு எப்படி வேலை செய்ய வேண்டும், எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கட்டளைகளெல்லாம் அதில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளன. அந்த எழுத்துகளில் பிழை நேர்ந்து, அது திருத்தப்படாமல் சேர்ந்துகொண்டே போனால், ஒருநாள் அந்த உயிரணு கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்கும். அதுதான் புற்றுநோயின் ஆரம்பம்.

ஆர்சனிக் உடலுக்குள் போனதும், ஆக்ஸிஜனின் முரட்டு வடிவங்கள் உயிரணுக்களில் அளவுக்கு மீறி உண்டாகின்றன. இரும்பைத் துருப்பிடிக்க வைப்பதுபோல இவை அருகிலுள்ள பொருள்களைத் தாக்குகின்றன. டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் குவானின் என்பது இந்தத் தாக்குதலுக்கு எளிதில் இரையாகிறது. துருப்பிடித்த குவானினை உயிரணு நகலெடுக்கும்போது வேறோர் எழுத்தாகத் தவறாகப் படித்துவிடக்கூடும். கெட்டுப்போன குவானின் எவ்வளவு சிறுநீரில் வெளியேறுகிறது என்று அளந்து, உள்ளே எவ்வளவு சேதம் நடக்கிறது என்பதை மருத்துவர்கள் ஓரளவு அறிகிறார்கள்.

சாதாரணமாகவே நம் உடலில் தினமும் இத்தகைய சேதங்கள் நேருகின்றன. நாம் சுவாசிப்பதாலும் உண்பதாலும்கூட நேருகின்றன. ஆனால் உயிரணுவுக்குள் பழுதுபார்க்கும் புரதங்கள் இருக்கின்றன. அவை கெட்ட எழுத்தை வெட்டி எடுத்துவிட்டுச் சரியான எழுத்தை வைத்துத் தைத்துவிடும். இந்தப் புரதங்களில் சில, துத்தநாகம் என்னும் ஜிங்க் சத்தைப் பிடித்துக்கொண்டால்தான் சரியான வடிவில் நிற்கும். ஆர்சனிக் அந்தத் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே ஆர்சனிக் செய்யும் கேடு இரண்டு மடங்கு. சுவரை இடிப்பதோடு நில்லாமல், அதைச் சரிசெய்ய வந்த கொத்தனாரின் கையையும் கட்டிப்போட்டுவிடுகிறது.

உடலுக்குள் இருக்கும் காவல்

இந்தத் துருவைத் தடுப்பவைதான் ஆன்டி-ஆக்ஸிடன்டுகள். முரட்டு ஆக்ஸிஜன் டி.என்.ஏ.வைத் தாக்குமுன் தாங்களே அதை எதிர்கொண்டு அடக்குவது இவற்றின் வேலை. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி, எண்ணெய் வித்துகளிலும் கொட்டைகளிலும் உள்ள வைட்டமின் ஈ, கீரையிலும் மஞ்சள் நிறக் காய்கனிகளிலும் உள்ள கரோட்டின் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. செலினியம் என்னும் தாதுவும் உடலின் காவல் நொதிகள் சிலவற்றுக்குத் தேவைப்படுகிறது.

ஆனால் மிக முக்கியமான காவலாளியை நம் உடலே செய்துகொள்கிறது. அதன் பெயர் குளூட்டதயோன். பருப்பு, மீன், முட்டை, பால் போன்ற புரத உணவுகளிலிருந்து கிடைக்கும் மூன்று அமினோ அமிலங்களைச் சேர்த்து உடல் இதைத் தயாரிக்கிறது. இது முரட்டு ஆக்ஸிஜனை அடக்குவதோடு ஆர்சனிக்கையே பிடித்துக்கட்டி வெளியே அனுப்பவும் உதவுகிறது. ஆர்சனிக் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் குளூட்டதயோன் செலவாகிக் குறைந்துபோகும். வயிறாரப் புரதம் உண்ண வழியில்லாத ஏழையின் உடலில் அது மீண்டும் நிரம்புவது கடினம்.

இதைக் காட்டும் ஆதாரம் உண்டு. மேற்கு வங்காளத்தின் தெற்கு 24 பர்கானா மாவட்டத்தில் 7,683 பேரைப் பரிசோதித்த மருத்துவர் குழு 1998-இல் தன் முடிவுகளை வெளியிட்டது. இருக்க வேண்டிய எடையில் 80 சதவிகிதம்கூட இல்லாத மெலிந்தவர்களிடையே, கை கால் தோல் தடிக்கும் நோய் மற்றவர்களைக் காட்டிலும் 1.6 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. பசியும் நஞ்சும் கூட்டுச் சேரும்போது ஏழைக்கு விழும் அடி பெரிதாகிறது.

ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினும் இங்கே கவனிக்கத்தக்கது. இது நேரடியாகத் துருவைத் தடுப்பதில்லை. ஆனால் கல்லீரல் ஆர்சனிக்கை எளிதில் வெளியேறும் வடிவமாக மாற்றுவதற்குத் துணைசெய்கிறது. கீரைகளிலும் பருப்பு வகைகளிலும் இது உண்டு. உடலில் ஃபோலிக் அமிலம் குறைந்திருந்த வங்காளதேசத்து மக்களுக்குத் தினமும் 400 மைக்ரோகிராம் வீதம் 12 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய இரத்தத்தில் ஆர்சனிக் ஏறக்குறைய 14 சதவிகிதம் குறைந்தது. வெறும் மாத்திரை பெற்றவர்களுக்கு 3 சதவிகிதத்துக்கும் குறைவாகவே குறைந்தது. இந்த முடிவு 2007-இல் வெளியானது. இது நல்ல செய்திதான். ஆனால் மீதமுள்ள 86 சதவிகிதத்தையும் நாம் நினைக்க வேண்டும்.

மஞ்சள் தந்த இரண்டு செய்திகள்

ஆன்டி-ஆக்ஸிடன்டுகள் டி.என்.ஏ. சேதத்தைத் தடுக்குமா என்பதை மனிதரிடத்திலேயே சோதித்த ஆய்வு ஒன்று கொல்கத்தாவில் நடந்தது. அங்குள்ள சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் ஆய்வாளர்கள், ஆர்சனிக் கலந்த நீரைக் குடித்துவந்த மேற்கு வங்காளக் கிராம மக்களுக்கு மூன்று மாதங்கள் குர்குமின் கொடுத்தார்கள். மஞ்சளுக்கு நிறத்தைக் கொடுக்கும் பொருளே குர்குமின். அது உடலில் நன்கு சேரும்படி மிளகிலுள்ள பைப்பரினையும் சேர்த்தார்கள்.

பிறகு இரத்தத்தின் வெள்ளணுக்களை எடுத்து மின்சார ஓட்டத்தில் வைத்துப் பார்த்தார்கள். டி.என்.ஏ. உடைந்திருந்தால் அதன் துண்டுகள் பின்னால் இழுபட்டு, நுண்ணோக்கியில் வால்நட்சத்திரம்போலத் தெரியும். வால் நீளமானால் சேதம் அதிகம் என்று பொருள். குர்குமின் பெற்றவர்களுக்கு அந்தச் சேதம் குறைந்திருந்தது. பழுதுபார்க்கும் திறனும் கூடியிருந்தது. 2011-இல் இந்த முடிவு வெளியானது. ஆகவே "ஆன்டி-ஆக்ஸிடன்டால் பயன் உண்டா?" என்று கேட்டால், உண்டு என்றே சொல்கிறோம். எனினும் வெள்ளணுவில் சேதம் குறைந்தது என்பது ஒன்று. இருபது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வராது என்பது வேறொன்று. மூன்று மாத ஆய்வு முதலாவதைத்தான் காட்ட முடியும்.

மஞ்சளைப் பற்றிய இரண்டாவது செய்தி வருத்தமானது. அதே வங்காளதேசத்தில், மஞ்சளுக்குப் பளிச்சென்று நிறம் வருவதற்காக வியாபாரிகள் சிலர் லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைக் கலந்துவந்தார்கள். அதில் ஈயமும் குரோமியமும் இருக்கின்றன. இரண்டுமே நச்சு உலோகங்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தாரும் டாக்காவிலுள்ள சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையத்தாரும் 2019-இல் இதை வெளிப்படுத்தினார்கள். காவல் தரும் என்று நம்பிச் சமையலில் போட்ட பொருளே இன்னொரு நஞ்சைச் சுமந்துவந்திருந்தது!

அதன்பின் நடந்தது நமக்கு உற்சாகம் தரவேண்டும். ஈயத்துக்கு எதிராக யாரும் மாத்திரை விநியோகம் செய்யவில்லை. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சந்தைகளில் கருவிகளைக் கொண்டு மஞ்சளைச் சோதித்தார்கள். கலப்படம் செய்தவர்களுக்கு அபராதம் விதித்தார்கள். மக்களுக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். 2019-இல் சந்தை மாதிரிகளில் 47 சதவிகிதத்தில் ஈயம் காணப்பட்டது. 2021-இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூடக் காணப்படவில்லை. மஞ்சள் அரைக்கும் ஆலைத் தொழிலாளிகளின் இரத்தத்தில் இருந்த ஈயமும் குறைந்தது. நஞ்சு வரும் வழியை அடைத்தால் எவ்வளவு விரைவில் பலன் கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி.

மாத்திரை அதிகமானால் நன்மை அதிகமாகுமா?

"கொஞ்சம் நல்லதென்றால், அதிகம் இன்னும் நல்லதுதானே?" என்று நினைப்பது இயற்கை. ஆனால் அனுபவம் வேறுவிதமாகக் கற்பித்திருக்கிறது. பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. சிலருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரையும் சிலருக்கு வைட்டமின் ஈ மாத்திரையும் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவு வெளியானபோது எல்லோரும் திகைத்தார்கள். பீட்டா கரோட்டின் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகமாக வந்திருந்தது. அமெரிக்காவில் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த மற்றொரு பரிசோதனையில், தனியாக வைட்டமின் ஈ மாத்திரை உண்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவிகிதம் கூடியதாக 2011-இல் அறிவித்தார்கள்.

இவை ஆர்சனிக் நோயாளிகளிடம் நடந்த பரிசோதனைகள் அல்ல. ஆனாலும் ஓர் உண்மையைச் சொல்கின்றன. காய்கனியில் மற்றச் சத்துகளோடு கலந்து, சிறு அளவில் வரும் வைட்டமின் வேறு. அதைத் தனியே பிரித்து, பெரிய அளவில் விழுங்குவது வேறு. செலினியமும் அப்படியே. குறைந்தால் கேடு, சற்றே மிஞ்சினாலும் முடி உதிரும், நகம் கெடும். மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் கிராமத்துக்குக் கிராமம் கொடுக்கத்தக்க பொருள் அதுவல்ல.

நஞ்சை உடலிலிருந்து இழுத்தெடுக்கும் மருந்து உண்டா என்றும் பார்த்தார்கள். டி.எம்.எஸ்.ஏ. என்ற மருந்தைக் கொல்கத்தாவில் 21 ஆர்சனிக் நோயாளிகளிடம் சோதித்து 1998-இல் வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்கள் ஓரளவு தேறினார்கள். வெறும் மாத்திரை பெற்றவர்களும் அதே அளவில் தேறினார்கள்.

நீரை மாற்றியபோது நடந்தது

ஆர்சனிக் விஷயத்தில் ஓர் ஆறுதல் உண்டு. ஈயம் எலும்பில் பல்லாண்டுகள் தங்கிவிடும். ஆர்சனிக்கின் பெரும்பகுதியோ சில நாட்களிலேயே சிறுநீரில் வெளியேறிவிடும். புதிதாக வருவதை நிறுத்திவிட்டால் போதும், உடல் தன் வேலையைச் செய்துகொள்ளும்.

2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் வங்காளதேசத்தில் ஏறக்குறைய 50 லட்சம் அடிபம்புகளைச் சோதித்து, நல்ல நீர் தருபவற்றுக்குப் பச்சையும் நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பும் அடித்தார்கள். ஏறக்குறைய 14 லட்சம் பம்புகளுக்குச் சிவப்பு வர்ணம் விழுந்தது. எழுதப்படிக்கத் தெரியாத தாய்மாருக்கும் அது புரிந்தது. பச்சைப் பம்பு அருகில் இருந்தால் அங்கே போய் எடுத்துவந்தார்கள். அராய்ஹஜாரில் இப்படிக் கிணறு மாற்றிக்கொண்டவர்களின் சிறுநீரில் ஆர்சனிக் அளவு இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒரு டப்பா வர்ணமும், ஒரு சோதனைப் பெட்டியும், சில நிமிட நடையும் இதைச் செய்தன.

அதே அராய்ஹஜாரில் ஏறக்குறைய 11,000 பேரை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2025-இல் வெளியானது. உடலில் ஆர்சனிக் அதிகமாயிருந்து பின்னர் குறைந்தவர்களிடையே இருதய நோயாலும் புற்றுநோயாலும் நேரும் மரணம், தொடர்ந்து அந்த நீரைக் குடித்தவர்களைவிட மிகவும் குறைவாக இருந்தது. ஆரம்பமுதல் நல்ல நீர் குடித்தவர்களோடு ஒப்பிடத்தக்க நிலைக்கு அவர்கள் வந்திருந்தார்கள். "இத்தனை வருஷம் குடித்தாயிற்று, இனி மாற்றி என்ன பயன்?" என்று மனம் தளர்ந்தவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய பதில் இதுவே.

ஆனால் தாமதத்துக்கு விலையும் உண்டு. தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டா நகரத்தில் 1958 முதல் 1970 வரை, லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கும் மேற்பட்ட ஆர்சனிக் கலந்த ஆற்று நீர் குழாயில் வந்தது. பிறகு சுத்திகரிப்பு நிலையம் அமைத்தார்கள். அப்படியிருந்தும் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து அதிகமாகவே இருந்தன. நீரை மாற்றுவது எந்த வயதிலும் நன்மை தரும்; சிறுபிள்ளையாக இருக்கும்போதே மாற்றுவது மிக அதிக நன்மை தரும்.

எதை முதலில் செய்வது?

இதுவரை சொன்னதை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

முதலாவது, நீர். பம்பைச் சோதிப்பதும், வர்ணம் அடிப்பதும், ஊர்ப் பொதுவில் 150 மீட்டருக்கு மேற்பட்ட ஆழ்குழாய் இறக்குவதும் முதன்மையான வைத்தியம். வர்ணம் மங்கிவிடும், புதிய பம்புகளும் முளைத்துக்கொண்டேயிருக்கும். ஆகவே சோதனை ஒருமுறையோடு முடிந்துவிடும் காரியமல்ல. வடிகட்டிகளை அமைத்தால், அவற்றைப் பராமரிக்க உள்ளூரில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தாக வேண்டும்.

இரண்டாவது, உணவு. நல்ல நீர் கிடைத்த பிறகும் பழைய சேதத்தைச் சரிசெய்ய உடலுக்குப் பலம் வேண்டும். பருப்பு, கீரை, முட்டை, சிறுமீன், கொய்யா, நெல்லி, எலுமிச்சை ஆகியவை வங்காளக் கிராமத்தில் விளைபவைதான். ஆனால் விளைவதெல்லாம் ஏழை வீட்டுத் தட்டுக்கு வந்து சேர்வதில்லை. கடைசியில் சாப்பிடும் தாய்க்கு மிஞ்சுவது பெரும்பாலும் சோறு மட்டுமே. அரிசியிலும் ஆர்சனிக் இருப்பதால், அந்த நிலைமை மேலும் கவலைக்குரியது. அரிசியை நன்றாகக் களைந்து, ஆறு பங்கு நல்ல நீர் விட்டு வேகவைத்து, கஞ்சியை வடித்துவிட்டால் அரிசியிலுள்ள ஆர்சனிக்கில் பாதிக்குமேல் போய்விடும் என்று கண்டிருக்கிறார்கள். நம் தாய்மார் சோறு வடிக்கும் அதே முறைதான் இது. கஞ்சியோடு சில வைட்டமின்களும் போய்விடுவதால், பருப்பும் கீரையும் உடன் இருப்பது அவசியம். வடிக்கும் நீரே நஞ்சாயிருந்தால் இதிலும் பயனில்லை.

மூன்றாவது, மாத்திரை. இரத்தத்தில் ஃபோலிக் அமிலம் குறைந்தவருக்கும், கர்ப்பிணிக்கும், நோயுற்றவருக்கும் மருத்துவர் பார்த்துக் கொடுக்கும்போது அதற்கு ஓர் இடம் உண்டு. ஆனால் சிவப்புப் பம்பு நீரிலேயே அந்த மாத்திரையை விழுங்க நேர்ந்தால், காவலாளியையும் திருடனையும் ஒரே வாசல் வழியாக அனுப்பியதாகும். அதைவிடக் கேடு, "மாத்திரைதான் சாப்பிடுகிறோமே" என்ற தைரியத்தில் ஒரு குடும்பம் பச்சைப் பம்புக்கு நடப்பதை நிறுத்திவிடலாம்.

நண்பர்களே, ஒரு பெட்டி மாத்திரையை எண்ணிக் கணக்குக் காட்டுவது எளிது. புகைப்படம் எடுத்து அனுப்பவும் முடியும். ஒரு கிணற்று நீரை ஆண்டுதோறும் சோதித்துக்கொண்டிருப்பதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் அடிபம்புகளைக் கொடுத்தவர்களிடம் அன்பு குறைவாக இருக்கவில்லை. காலராவிலிருந்து பிள்ளைகளைக் காக்கவே கொடுத்தார்கள். கொடுத்த பிறகு அந்த நீரைத் தொடர்ந்து சோதித்துப் பார்க்கும் ஏற்பாடுதான் இல்லாமல்போயிற்று. ஆகையால் எந்த நல்ல காரியத்துக்காவது நீங்கள் உதவ முன்வரும்போது, "என்ன அனுப்பலாம்?" என்பதோடு, "அனுப்பிய பிறகு யார் கவனித்துக்கொள்வார்கள்?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியை எவரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அது பல உயிர்களைக் காக்கக்கூடிய கேள்வி.